திப்ருகர் முதல் குமரி வரை

நமது தேசத்தின் விஸ்தீரணத்தைப் பற்றிப் பேசுவதைப் போல் சுலபமான காரியம் வேறொன்றில்லை. வடக்கிலிருந்து தெற்கே 3,214 கிலோமீட்டர், கிழக்கிலிருந்து மேற்கே 2,933 கிலோமீட்டர், மொத்தப் பரப்பு ஏறக்குறைய 33 லட்சம் சதுர கிலோமீட்டர் என்று ஒப்பித்துவிட்டால் பூகோளப் பரீட்சையில் மூன்று மதிப்பெண்கள் கிடைத்துவிடும். "இமயம் முதல் குமரி வரை" என்று மேடையில் முழங்கினாலோ கரகோஷமும் கிடைக்கும். ஆனால் அந்த ‘முதல்’ என்ற சொல்லுக்கும் ‘வரை’ என்ற சொல்லுக்கும் நடுவே என்னென்ன இருக்கின்றன என்று கேட்டால், கைதட்டிய நம்மில் பலர் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

ஆண்டுக்குப் பதினோராயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் மௌசின்ராமும் நம்முடைய ஊர். ஏறக்குறைய இருநூறு மில்லிமீட்டரே பெய்யும் ஜெய்சல்மேரும் நம்முடைய ஊர். அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் 22 பாஷைகள் இடம் பெற்றிருக்கின்றன. இவற்றையெல்லாம் புஸ்தகத்தில் படித்தால் பட்டியலாகத்தான் தோன்றும். பட்டியலாக இருப்பதைப் பிரத்தியக்ஷமாகக் காண வேண்டுமானால், ரயிலில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்துகொள்வதே உத்தமமான வழி.

அதற்கென்றே ஏற்பட்டது போல ஒரு வண்டி ஓடுகிறது. அஸ்ஸாமில் உள்ள திப்ருகரில் புறப்பட்டு, கன்னியாகுமரியில் வந்து நிற்கும் விவேக் எக்ஸ்பிரஸ் வண்டிதான் அது. சுவாமி விவேகானந்தரின் 150ஆவது ஜயந்தியை முன்னிட்டு 2011ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஓடத் தொடங்கியது. சுமார் 4,200 கிலோமீட்டர் பிரயாணம். மூன்று பகல், மூன்று இரவுக்குக் குறையாது. நம் தேசத்தில் ஒரே வண்டியில் இவ்வளவு தூரம் செல்வதற்கு வேறு மார்க்கம் இல்லை. அஸ்ஸாம், நாகாலாந்து, மேற்கு வங்காளம், பீஹார், ஜார்க்கண்ட், ஒடிஸா, ஆந்திரம், தமிழ்நாடு, கேரளம் என்று ஒன்பது ராஜ்யங்களின் மண்ணை இவ்வண்டி மிதித்துச் செல்கிறது. கேரளத்தைத் தாண்டி மறுபடியும் தமிழ் மண்ணில்தான் மூச்சு வாங்குகிறது.

பூகோளம் கற்பிப்பதே என் தொழிலாகையால், இந்தப் பாதையை ஒரு முறையேனும் முழுதும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. ஒரே மூச்சில் வந்தால் பார்ப்பதைவிடத் தூங்குவதே அதிகமாகிவிடும் என்று கருதி, ஆங்காங்கே இறங்கி ஏறி வந்தேன்.

பிள்ளை நதியும் கரையும் தீவும்

கங்கை, யமுனை, கோதாவரி, காவேரி என்று நம் நதிகளில் பெரும்பாலானவை தாய்மாரும் பெண்களுமாக இருக்க, பிரம்மபுத்திரா பிள்ளையாகப் பிறந்தவன். கைலாஸப் பிரதேசத்தில் தோன்றித் திபெத்தில் ஸாங்போ என்ற பெயருடன் கிழக்கே ஓடி, அருணாசலத்தில் ஸியாங் என்று இறங்கி, அஸ்ஸாம் சமவெளியில் பிரம்மபுத்திராவாக அகன்று விடுகிறான். கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரை கண்ணுக்கு எட்டாத இடங்கள் உண்டு. திப்ருகருக்கு அருகில் 2018ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்ட போகிபீல் பாலத்தின் நீளம் மட்டும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர்.

இந்தப் பிள்ளையின் குறும்புகள் சாமானியமானவை அல்ல. 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி, தேசம் சுதந்திர தினத்தைக் கொண்டாடிய அதே நாளில், அஸ்ஸாமையும் திபெத்தையும் குலுக்கிய பூகம்பத்தின் அளவு 8.6. மலைகள் சரிந்து மண்ணும் பாறையும் நதியில் விழுந்தன; நதியின் படுகை உயர்ந்தது. அதன்பின் கரைகளை நதி அறுக்கத் தொடங்கியதில் பழைய திப்ருகர் நகரின் பெரும் பகுதி நீரோடு போயிற்று. இன்று நாம் காணும் நகரம் எஞ்சியதும் புதிதாக எழுந்ததும் சேர்ந்தது.

அங்கே கோடையில் காலை ஐந்து மணிக்கு முன்பே பட்டப்பகல் போல வெளிச்சம் வந்துவிடுகிறது. குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்குள் விளக்கேற்ற வேண்டும். தேசம் முழுவதற்கும் ஒரே கடிகாரம் என்பது சட்டம். ஆனால் சூரியன் சட்டம் படித்தவன் அல்லவே! ஆதலால் தேயிலைத் தோட்டங்களில் வெகு காலமாகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்து, ‘தோட்ட நேரம்’ என்று ஒரு தனி நேரத்தைக் கடைப்பிடித்து வருகிறார்கள்.

அந்தத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளும் ஜனங்கள் யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோட்டா நாகபுரி மேட்டுநிலத்திலிருந்தும், ஒடிஸாவிலிருந்தும், தெலுங்குப் பிரதேசங்களிலிருந்தும் ஆள்கட்டிகள் அழைத்துவந்த முண்டா, ஒராவோன், ஸந்தால் முதலிய குலத்தாரின் சந்ததிகள். இலங்கைக்கும் மலேயாவுக்கும் நம்மவர் போன கதையை அறிந்த தமிழருக்கு இந்த வரலாற்றை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஜோர்ஹாட்டுக்கு அருகே நிமாதி துறையில் படகேறினால் மாஜுலி என்னும் தீவுக்குப் போகலாம். நதியின் நடுவே உள்ள தீவு இது. 2016ஆம் ஆண்டு முதல் தனி ஜில்லா. ஸ்ரீ சங்கரதேவர் என்ற வைஷ்ணவ மகான் (1449–1568), அவருடைய சீடர் மாதவதேவர் ஆகியோரின் வழியில் தோன்றிய மடங்களை இங்கே ‘ஸத்ரம்’ என்கிறார்கள். நம் ஊரில் சத்திரம் என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். அங்கே ஸத்ரம் என்றால் பக்தியும் நாடகமும் நாட்டியமும் தங்கும் இடம். ஸத்ரங்களில் பிறந்த ஸத்ரிய நடனத்தை 2000ஆம் ஆண்டில் சங்கீத நாடக அகாதமி சாஸ்திரீய நடனமாக ஏற்றது. சாமகுரி ஸத்ரத்தில் மூங்கிலைப் பின்னி, துணி ஒட்டி, களிமண் பூசி ராவணனுக்கும் நரசிம்மருக்கும் முகமூடிகள் செய்கிறார்கள். பக்கத்திலேயே மிஸிங் குலத்தார் மூங்கில் கால்களின்மேல் வீடு கட்டி வாழ்கிறார்கள். வெள்ளம் வந்தால் அது வீட்டுக்கு அடியில் போகட்டும் என்று வழிவிட்டுக் கட்டிய வீடுகள்! நதியோடு சண்டையிடாமல் குடித்தனம் செய்யும் சாமர்த்தியத்தை அங்கே காணலாம்.

ஆனால் வெள்ளத்துக்கு வழிவிடலாம். மண் அரிப்புக்கு எப்படி வழிவிடுவது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 1,200 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்த தீவு இன்று அதில் பாதிக்கும் குறைவு. ஸத்ரங்கள் பல, தீவில் இடமின்றி, அக்கரைக்குப் பெயர்ந்து போய்விட்டன.

அதே நதியின் கரையில் நம்பிக்கை தரும் காட்சியும் உண்டு. ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகங்கள் விரல் விட்டு எண்ணும் நிலைக்கு வந்திருந்த காலத்தில், 1905ஆம் ஆண்டு வாக்கில், காஜிரங்கா வனத்தைப் பாதுகாக்கத் தொடங்கினார்கள். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 2,613 காண்டாமிருகங்கள் இருந்தன. நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தலைமுறை தலைமுறையாகக் காவலர்கள் இரவில் கண்விழித்ததன் பலன் அது.

"வெள்ளம்" என்ற ஒரு சொல்

மாஜுலியிலிருந்து திரும்பி மரியானி நிலையத்தில் வண்டி ஏறினேன். என் எதிரே இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க வாலிபர் ஒருவர் அமர்ந்திருந்தார். தோளில் சிவப்புக் கரையிட்ட வெள்ளைத் துண்டு. அதைக் கமோசா என்பார்கள். அஸ்ஸாமியர் மரியாதைக்குரியவர்களுக்கு அணிவிப்பதும் அதுவே, முகம் துடைப்பதும் அதுவே. சற்று நேரத்தில் பொட்டலத்தைப் பிரித்துப் பச்சைப் பாக்கும் வெற்றிலையும் நீட்டினார். "தாமுல்" என்றார். தாம்பூலம் என்ற சொல் பிரம்மபுத்திரா வரை போய் உருமாறி உட்கார்ந்திருப்பதைக் கண்டதும், புதிய ஊரில் சொந்தக்காரரைச் சந்தித்தது போல் எனக்குச் சந்தோஷமாயிற்று.

அவர் போவது ஆலுவாவுக்கு. அங்கிருந்து பெரும்பாவூர். அவ்வூரின் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைகளில் அஸ்ஸாமியரும் வங்காளிகளும் ஒடியரும் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். இவர் ஐந்து வருஷமாக அங்கே இருப்பவர். என்னுடைய ஹிந்தியைவிட அவருடைய மலையாளம் எவ்வளவோ மேலாக இருந்தபடியால், அதிலேயே பேசிக்கொண்டோம். நான் பள்ளிக்கூட ஆசிரியன் என்று அறிந்ததும், கேரள வழக்கப்படி "மாஷே" என்றே அழைக்கலானார்.

"தம்பி, மலையாளத்தில் நீங்கள் முதலில் கற்றுக்கொண்ட சொல் எது?" என்று கேட்டேன்.

"வெள்ளம், மாஷே" என்றார். "போய் இறங்கிய அன்றைக்குத் தாகம் உயிர் போயிற்று. ‘பானி, பானி’ என்று கேட்டேன், யாருக்கும் விளங்கவில்லை. டீக்கடை அம்மா ஒருவர்தான் கண்ணாடித் தம்ளரைக் காட்டி, ‘வெள்ளம்’ என்று சொல்லிக் கொடுத்தார்."

"எங்கள் தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். நதி பெருகி ஊருக்குள் வந்தால்தான் வெள்ளம் என்போம்" என்றேன்.

அவர் சற்று மௌனமாக இருந்தார். பிறகு, "அதை நாங்கள் ‘பான்பானி’ என்போம், மாஷே. அதனால்தான் நான் கேரளத்துக்கு வந்தேன்" என்றார்.

அவர்களுடைய நிலம் நதிக்கரையில் இருந்ததாம். இரண்டு மழைக்காலங்களில் வயல் போயிற்று. மூன்றாவதில் வீடு போயிற்று. நிலம் போனவனுக்கு நிலவரிச் சீட்டு மட்டும் பெட்டியில் இருக்கிறது. இதை அவர் துக்கமாகச் சொல்லவில்லை. வண்டி தாமதமாக வந்ததைச் சொல்வது போலச் சொன்னார். ஊரில் தாயாரும் தம்பியும் மேட்டுப்பாங்கான அணைக்கரையின்மேல் குடிசை போட்டிருக்கிறார்கள். இவர் அனுப்பும் பணத்தில் தம்பி படிக்கிறான்.

மாஜுலியில் நான் இரண்டு நாட்கள் நதியின் அழகைப் பார்த்தேன். அந்த நதியின் மறுபக்கத்தை எனக்குக் காட்டியது ரயில் பெட்டி.

கோழிக் கழுத்து

குவஹாத்தியைத் தாண்டிப் பிரம்மபுத்திராவைக் கடந்து மேற்கே செல்லும் வண்டி, பிறகு ஒரு குறுகிய நிலத்தின் வழியாக நுழைகிறது. ஒரு புறம் நேபாளம், மறுபுறம் வங்காள தேசம். இடையே மிகக் குறுகிய இடத்தில் சுமார் இருபது கிலோமீட்டர் அகலமே உள்ள நம் நிலம். ‘கோழிக் கழுத்து’ என்று இதற்கு வேடிக்கையாகப் பெயர். வடகிழக்கு ராஜ்யங்கள் அனைத்தும் தேசத்தின் மற்றப் பகுதியோடு நிலவழியாக இந்தக் கழுத்தின் மூலமே இணைந்திருக்கின்றன.

நான் இறங்கிய புதிய ஜல்பைகுரி நிலையத்திலிருந்துதான் டார்ஜிலிங் மலைக்கு இரண்டடி அகலமே உள்ள தண்டவாளத்தில் சிறு ரயில் ஏறுகிறது. 1881ஆம் ஆண்டு முதல் ஓடுகிறது; 1999ஆம் ஆண்டில் உலக பாரம்பரியச் சின்னமாக அங்கீகாரம் பெற்றது. வானம் நிர்மலமாக இருக்கும் ஐப்பசி, கார்த்திகைக் காலைகளில் சமவெளியிலிருந்தே கஞ்சன்ஜங்கா சிகரம் தெரியும். 8,586 மீட்டர் உயரமுள்ள அச்சிகரம் மேகத்துக்கு மேலே மற்றொரு மேகம் போல நிற்கிறது. ரிக்ஷாக்காரர் ஒருவர் அதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னிடம் வாடகை பேசத் தொடங்கினார்!

எழுத்துக்கள் மாறும் பாதை

இந்தப் பிரயாணத்தில் செலவில்லாத பொழுதுபோக்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயரை எழுதியிருக்கிறார்களே, அதைக் கவனித்துக்கொண்டே வர வேண்டும். முதலில் அஸ்ஸாமிய எழுத்து. சிற்சில அக்ஷரங்களே மாறி வங்காளி எழுத்து. இரண்டுக்கும் தலையில் கோடு உண்டு. ஃபராக்காவில், 1975ஆம் ஆண்டில் செயல்படத் தொடங்கிய இரண்டே கால் கிலோமீட்டர் நீள அணையின்மேல் கங்கையைக் கடந்து தெற்கே வந்தால், ஸந்தால் ஜனங்களின் நாடு. அவர்களுடைய பாஷைக்கென்றே பண்டித ரகுநாத் முர்மு 1925ஆம் ஆண்டில் ‘ஒல் சிகி’ என்ற தனி எழுத்தை அமைத்தார். 2003ஆம் ஆண்டில் ஸந்தாலி மொழி அட்டவணையில் இடம் பெற்றது. அஸ்ஸாமின் போடோ மொழியும் அதே சமயத்தில்தான் இடம் பெற்றது.

ஒடிஸாவுக்குள் நுழைந்ததும் தலைக்கோடு வளைந்து குடையாகிவிடுகிறது. பனையோலையில் எழுத்தாணியால் நேர்க்கோடு கீறினால் ஓலை கிழிந்துவிடும் என்பதால் எழுத்துக்கள் வட்டமாயின என்று விளக்கம் கூறுவார்கள். ஆந்திரத்தில் அந்த வட்டம் இன்னும் உருண்டு முத்தாகிறது. காட்பாடியில் நம் தமிழ் எழுத்து நிமிர்ந்து நிற்கிறது. பாலக்காட்டில் மறுபடியும் சுருள்கிறது. நாகர்கோவிலில் மீண்டும் தமிழ்.

எழுத்து மாறுவதோடு தேநீர்க்காரரின் குரலும் மாறும். வங்காளம் வரை "சா", பிறகு "சாய்", ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் "டீ", கேரளத்தில் "சாயா". வங்காளத்தில் கடுகெண்ணெய் மணக்கும் ஜால்முரிப் பொரி, ஒடிஸாவில் பருப்பும் காய்கறியும் சேர்ந்த டால்மா, ஆந்திரத்தில் புளிஹோரா, கேரளத்தில் பழம்பொரி. நாக்கு என்ற அவயவத்தை ஆண்டவன் பேசுவதற்கு மட்டும் படைக்கவில்லை என்பது இந்தப் பாதையில் நன்றாக விளங்கும்.

பெயர் எழுதாத பெட்டி

பாலேசுவரம் ஜில்லாவில் பஹானகா பஜார் என்று ஒரு சிறு ஸ்டேஷன் உண்டு. எங்கள் வண்டி அங்கே நிற்கவில்லை. ஆனால் பெட்டியில் பேச்சு நின்றது. வயதான பெண்மணி ஒருவர் ஜன்னல் வழியே கைகூப்பினார்.

2023ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் தேதி மாலை, சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் அங்கே நின்றிருந்த சரக்கு வண்டியின்மேல் மோதிற்று. பெங்களூரிலிருந்து வந்த மற்றொரு வண்டியும் அந்த விபத்தில் சிக்கிற்று. 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் தெற்கே வேலை தேடி வந்துகொண்டிருந்த வங்காள, பீஹார், ஒடிஸா ஏழைகள். முன்பதிவு செய்த பெட்டிகளில் இருந்தோரின் பெயர்கள் பட்டியலில் இருந்தன. முன்பதிவில்லாத பெட்டிகளில் நெருக்கியடித்து வந்தோருக்கு அத்தகைய பட்டியல் இல்லை. மாதங்கள் கடந்தும் சிலர் இன்னாரென்று அறியப்படாமலே தகனம் செய்யப்பட்டனர்.

அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பு, 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்ற பொய்ச் செய்தி கைத்தொலைபேசிகளில் பரவியதும், பலர் அஞ்சி மூட்டை கட்டியதும் நேயர்களுக்கு நினைவிருக்கலாம். பொய் அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. அவர்களுக்கு நம்மையும் தெரியாது. நமக்கு அவர்களையும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரன் சிநேகிதனாக இருந்தால், அவனைப் பற்றி ஊரார் கட்டிவிடும் கதையை யாராவது நம்புவார்களா?

ஏரியின் வாய்

புவனேசுவரத்துக்கு அருகே தௌளிக் குன்றில் அசோகனுடைய சாஸனம் இருக்கிறது. கலிங்கப் போர் நடந்த பூமியில் நிற்கும் அப்பாறை, பிரஜைகளெல்லாம் தன் மக்கள் என்று அவன் பொறித்துவைத்த பாறை. எதிர்ப்பக்கத்து உதயகிரிக் குகையில் காரவேல மன்னனின் கல்வெட்டு. அதில் தமிழரசர்களின் கூட்டணியைப் பற்றிய குறிப்பு இருப்பதாக ஆராய்ச்சியாளர் கூறுவர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நாம் ஒருவரையொருவர் அறிந்திருந்தோம்!

தெற்கே வந்தால் தண்டவாளம் சிலிகா ஏரியின் ஓரமாகவே நெடுந்தூரம் செல்கிறது. சுமார் ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரந்த உப்பங்கழி. குளிர்காலத்தில் வடதேசங்களிலிருந்து லட்சக்கணக்கில் பறவைகள் வருகின்றன. ஐராவதி டால்பின்கள் என்ற மொட்டை மூக்கு டால்பின்களும் உண்டு. சிலிகாவுக்குச் சற்றுத் தெற்கே ருஷிகுல்யா நதி கடலில் கலக்கும் மணலில், ஆயிரமாயிரம் ஆமைகள் ஒரே சமயத்தில் கரையேறி முட்டையிடும்.

இந்த ஏரிக்கு ஒரு சமயம் கண்டம் ஏற்பட்டது. கடலோடு கலக்கும் வாய் மணலால் தூர்ந்து, உப்பு குறைந்து, பாசியும் களையும் மண்டி, மீன் அருகிற்று. மீனை நம்பியிருந்த குடும்பங்கள் தவித்தன. 2000ஆம் ஆண்டில் மணல்திட்டை வெட்டிக் கடலுக்குப் புதிய வாய் திறந்தார்கள். கடல்நீர் உள்ளே வந்தது. மீனும் நண்டும் இறாலும் பெருகின. ஆபத்திலுள்ள நீர்நிலைகளின் சர்வதேசப் பட்டியலிலிருந்து 2002ஆம் ஆண்டில் சிலிகா விடுபட்டது. அரிய இயற்கையை இழந்த கதைகளையே கேட்டுச் சலித்த நமக்கு, மீட்ட கதை ஒன்று எவ்வளவு ஆறுதல்!

கடலுக்கு ஒரு வாய் திறந்ததும் ஏரி பிழைத்தது. ஆனால் சுற்றிலும் உள்ள கஞ்சம் ஜில்லாவின் வாலிபர்கள் பலர் இன்றும் ஸூரத்தின் விசைத்தறிகளைத் தேடிப் போகிறார்கள்.

கோதாவரியும் கணவாயும்

ராஜமஹேந்திரவரத்தில் கோதாவரியைக் கடக்கும்போது பிரயாணிகள் சில்லறைக் காசுகளை நதியில் போடுகிறார்கள். பாலத்தின் இரும்பில் பட்டு அவை ஒலிப்பது ஒரு சங்கீதம். கீழே தௌளேசுவரத்தில் ஸர் ஆர்தர் காட்டன் 1847 முதல் 1852 வரை கட்டிய அணையால் கோதாவரிக் கழிமுகம் நெற்களஞ்சியமாயிற்று. ஆங்கிலேயராயினும், அவருக்கு அந்த ஜில்லாக்காரர்கள் ஊர் தோறும் சிலை வைத்திருக்கிறார்கள். ஆழம் காணாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை நம் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றதாக அவர் எழுதி வைத்தார். காவேரிக்கரைத் தமிழனின் மூளை கோதாவரிக்கரையில் சோறாக விளைகிறது என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். கற்றவர் நன்றி மறவாமல் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெருமை இன்னும் சோபிக்கும்.

கோயம்புத்தூரைத் தாண்டினால் மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட்டு நிற்கிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். இப்பக்கத்தில் ஆண்டுக்கு அறுநூறு, எழுநூறு மில்லிமீட்டர் மழையைக் காணவே அண்ணாந்து பார்க்க வேண்டும். கேரளத்தின் சராசரியோ ஏறக்குறைய மூவாயிரம். பனை குறைந்து தென்னை நெருங்குவதும், செம்மண் மறைந்து பச்சை கவிவதும், வெயிலின் நிறமே மாறுவதும் ஒரு மணி நேரத்துக்குள் நிகழ்ந்துவிடுகின்றன.

பெரும்பாவூர்க் கடைத்தெருவை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும். கேரள சர்க்கார் வெளிராஜ்யத் தொழிலாளர்களை ‘அதிதி தொழிலாளர்’ என்று அழைக்கிறது. பெயர் அழகானது, விருந்தாளியை எத்தனை காலம் விருந்தாளியாகவே வைத்திருப்பது என்ற கேள்வியும் அதனுள் இருக்கிறது. அன்றைக்கு அங்கே வங்காளி எழுத்தும், ஒடியா எழுத்தும், ஹிந்தியும் மலையாளப் பலகைகளுக்கு நடுவே காணப்பட்டன. நாலாயிரம் கிலோமீட்டர் பாதையில் நான் பார்த்த எழுத்துக்கள் ஒரே தெருவில் கூடியிருந்தன. சிவப்புக் கரைக் கமோசா ஒன்று கடை வாசலில் விற்பனைக்குத் தொங்கியது.

போக விரும்பும் அன்பர்களுக்கு

ஐப்பசி முதல் மாசி வரை இந்தப் பிரயாணத்துக்கு ஏற்ற காலம். மழைக்காலத்தில் காஜிரங்காவை மூடிவிடுவார்கள். ஒரே மூச்சில் வராதீர்கள். ஐந்தாறு இடங்களில் இறங்குங்கள். படகில் மாஜுலியும், குளிர்காலத்தில் சிலிகாவும், நிர்மலமான காலையில் கஞ்சன்ஜங்காவும் கண்டிப்பாகப் பார்க்கத்தக்கவை. முடிவில் குமரிமுனையில், 1892ஆம் ஆண்டின் இறுதியில் விவேகானந்தர் தியானத்தில் அமர்ந்த பாறையும், அதன் அருகே 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையும் உங்களை வரவேற்கும். குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். விடுமுறையில் பத்து நாள் பூகோளப் பாடத்துக்கு இதைவிடச் சிறந்த வாத்தியார் இல்லை.

பாஷை தெரியாதே என்று தயங்க வேண்டாம். இரண்டே சொற்களை வைத்துக்கொண்டு இந்தப் பாதை முழுவதும் நட்புச் செய்யலாம். தெலுங்கு, தமிழ், மலையாள நாடுகளில் ‘பேரு’ என்று சொல்லி எதிரே இருப்பவரை அன்போடு நோக்கினால் போதும். அவர் தம் பெயரைச் சொல்லுவார், பின்பு ஊரைச் சொல்லுவார், பின்பு தம் குழந்தைகளின் படத்தைக் காட்டுவார். ஒடிஸாவிலிருந்து அஸ்ஸாம் வரை அதற்கு ‘நாம்’ என்ற சொல்லே செல்லும்.

ரயில் ஏற இயலாதவர்களும் வருத்தப்பட வேண்டாம். உங்கள் தெருக்கோடியில் எழும்பும் மாடிக் கட்டிடத்தில் சாரத்தின்மேல் நிற்பவரும், ஹோட்டலில் உங்கள் மேஜையைத் துடைப்பவரும் அந்த வண்டியில் வந்தவராக இருக்கலாம். அவர் காலையில் நிமிர்ந்து பார்க்கும்போது, "உங்கள் நாம் என்ன?" என்று கேளுங்கள். அவர் பாஷையில் அந்தச் சொல்லுக்குப் ‘பெயர்’ என்று பொருள். நம் பாஷையில் அதற்கு என்ன பொருள் என்பது நேயர்களுக்குத் தெரியும்.